கரும்புகை வந்தால் நாசில் போய்விட்டதா? டிராக்டர் இன்ஜெக்டர் கோளாறைக் கண்டறியும் முறை

டிராக்டர் கரும்புகை விட்டால் "நாசில் போயிருக்கும்" என்பார்கள். இழுவை குறைந்தால் நாசில். காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் நாசில். டீசல் அதிகம் குடித்தால் அதற்கும் நாசில். எல்லாக் குறைக்கும் இந்த ஒரே பதிலைச் சொல்லிப் பழகியதால், நன்றாக இருக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிப் புதிது போடுவதும், போட்ட பிறகும் அதே புகை வருவதும் சாதாரணமாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே கெட்ட இன்ஜெக்டரை "அறுவடை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டு, பிஸ்டன் தலையே உருகும் அளவுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. இன்ஜெக்டர் என்ன வேலை செய்கிறது, அது கெட்டால் எது மாறும், எது மாறாது என்பது தெரிந்துவிட்டால் இரண்டு தவறும் நடக்காது.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். சிலிண்டர் ஹெட்டில் செருகியிருக்கும் முழு உறுப்பு இன்ஜெக்டர். அதன் அடிமுனையில், டீசலைத் தெளிக்கும் சிறு துளைகள் உள்ள பகுதி மட்டும்தான் நாசில். பேச்சில் முழுவதையும் நாசில் என்றே சொல்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் பில்லில் "நாசில் மாற்றியது" என்றிருந்தால் முனை மட்டும் மாறியதா, முழு இன்ஜெக்டரும் மாறியதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்துத் தெளிப்பானில் தொடங்குவோம்

முதுகில் மாட்டிக்கொண்டு பயிருக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் எல்லோருக்கும் தெரியும். அது சரியாக இருக்கும்போது மருந்து மிக நுண்ணிய தூவலாக, குடைபோல் விரிந்து விழும். துளையில் தூசி அடைத்தால் தூவல் ஒரு பக்கம் சாயும், அல்லது ஒற்றைத் தாரையாகப் பீய்ச்சும். துளை தேய்ந்து பெரிதானால் துளிகளும் பெரிதாகும். மருந்து இலையில் படியாமல் வழிந்தோடும். கைப்பிடியை விட்ட பிறகும் முனையில் சொட்டிக்கொண்டே இருந்தால், உள்ளே அடைக்க வேண்டிய ஏதோ ஒன்று அடைக்கவில்லை என்று பொருள்.

இன்ஜெக்டரின் நோய்களும் ஏறக்குறைய இவைதான். ஆனால் தெளிப்பானிடம் கற்க வேண்டிய முக்கியமான பாடம் வேறு. தூவல் சரியில்லை என்றால் அனுபவப்பட்டவர் உடனே நாசிலை மாற்றுவதில்லை. தொட்டியில் மருந்து இருக்கிறதா, சல்லடை அடைத்திருக்கிறதா, ஹோஸ் எங்காவது காற்று இழுக்கிறதா, பம்பின் வாஷர் அழுத்தம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முனைக்கு வருவார். நாசில் அந்த வரிசையில் கடைசி. முன்னால் எங்கே குறை இருந்தாலும் அது நாசில் வாயில்தான் வெளிப்படும்.

டிராக்டரிலும் அப்படித்தான். டேங்க், அதிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், ஹை பிரஷர் பைப், அப்புறம்தான் இன்ஜெக்டர். இதோடு காற்று வரும் வழியும், சிலிண்டரின் கம்ப்ரஷனும் சேர்ந்துதான் டீசல் எப்படி எரிகிறது என்பதை முடிவு செய்கின்றன.

உள்ளே நடப்பது என்ன?

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது, சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டுக்குள் டீசலைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். இந்த நெருக்கலைத்தான் கம்ப்ரஷன் என்கிறோம். கம்ப்ரஷன் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் எவ்வளவு நல்ல இன்ஜெக்டராக இருந்தாலும் டீசல் சரியாகப் பற்றாது.

இப்போது டீசலின் அளவைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் கொண்ட 45 குதிரைத்திறன் டிராக்டர், 2000 ஆர்பிஎம்மில் முழு லோடில் மணிக்குச் சுமார் 10 லிட்டர் டீசல் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் தெளிப்பு நடக்கும். அதாவது ஒரு சிலிண்டரில் நிமிடத்துக்கு 1000 முறை. மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து மணிக்கு 1,80,000 முறை. கணக்குப் போட்டால் ஒரு தெளிப்புக்கு 0.056 மில்லி லிட்டர்தான் வருகிறது. ஏறத்தாழ ஒரு சொட்டு. ஐடிலிங்கில், அதாவது லோடு இல்லாமல் சும்மா ஓடும்போது, இதைவிட மிகக் குறைவு. அந்த ஒரு சொட்டை இரண்டு மில்லி விநாடிக்குள், நாலைந்து நுண்துளைகள் வழியாக, தூளாக உடைத்துக் காற்றில் பரப்ப வேண்டும். அதையும் சரியான நொடியில் தொடங்கி, வெடுக்கென்று நிறுத்த வேண்டும்.

இதை அழுத்தம்தான் சாதிக்கிறது. நாசிலுக்குள் ஊசி போன்ற ஒரு எஃகுத் தண்டு இருக்கிறது. இதுதான் நீடில். அதன் கூரான நுனி, துளைகளுக்குச் சற்று மேலே உள்ள ஒரு இருக்கையில் அழுந்தி வழியை மூடியிருக்கும். அந்த இருக்கையை சீட் என்கிறோம். மேலிருந்து வலுவான ஸ்பிரிங் நீடிலைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். இன்ஜெக்‌ஷன் பம்ப் தள்ளும் டீசல், பைப் வழியாக வந்து நீடிலின் தோள்பகுதியைக் கீழிருந்து முட்டும். அந்த அழுத்தம் ஸ்பிரிங்கின் வலுவைத் தாண்டியதும் நீடில் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு மேலெழும். டீசல் சீறிக்கொண்டு வெளியேறும். பம்ப் தள்ளுவதை நிறுத்தியதும் ஸ்பிரிங் நீடிலைச் சட்டென்று கீழே அறைந்து மூடிவிடும்.

நீடில் எழும் அந்த அழுத்தத்துக்கு ஓபனிங் பிரஷர் என்று பெயர். பல மெக்கானிக்கல் இன்ஜெக்டர்களில் இது 175 முதல் 250 பார் வரை இருக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). டிராக்டரின் பின் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 1 பார்தான். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

நீடிலுக்கும் அதைச் சுற்றியுள்ள உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். இந்த மெல்லிய இடைவெளி வழியாகக் கொஞ்சம் டீசல் மேலே கசிந்து, நீடிலுக்கு வழுவழுப்புக் கொடுத்துவிட்டு, மேலே உள்ள மெல்லிய குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பும். இதுதான் ரிட்டர்ன் லைன். இங்கே டீசல் வருவதைப் பார்த்து இன்ஜெக்டர் லீக் ஆகிறது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அளவாக வருவது இயல்பு. அளவுக்கு மீறி வந்தால்தான் தேய்மானம்.

ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897-இல் ஓடியபோது இப்படிப்பட்ட பம்ப் கிடையாது. தனியாக ஒரு ஏர் கம்ப்ரஸரை வைத்து, காற்றின் விசையால்தான் எரிபொருளை உள்ளே ஊத வேண்டியிருந்தது. என்ஜின் பெரியதாகவும் கனமாகவும் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1927-இல் பாஷ் நிறுவனம் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொடர் உற்பத்தியில் கொண்டுவந்த பிறகுதான் வண்டிகளுக்கு ஏற்ற சிறிய டீசல் என்ஜின் பரவலானது. சில மைக்ரான் துல்லியத்தில் உலோகத்தைக் கடைந்து தேய்க்கும் திறமை இல்லாமல் இது சாத்தியமாகியிருக்காது. அந்தத் துல்லியத்தைத்தான் டீசலில் கலந்த தூசியும் தண்ணீரும் கெடுக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால்: சூடான காற்று, சரியான நேரம், போதிய அழுத்தம், நுண்ணிய தூவல், சொட்டில்லாத நிறுத்தம். இந்த ஐந்தும் சேர்ந்தால்தான் நல்ல எரிதல். இன்ஜெக்டர் பொறுப்பேற்பது கடைசி இரண்டுக்கு முழுமையாக, நடுவில் உள்ள இரண்டுக்குப் பாதியாக. காற்றின் சூடு அதன் கையில் இல்லை.

இன்ஜெக்டர் எப்படியெல்லாம் கெடும்?

அதிகம் நடப்பது சீட் கெடுவதுதான். நீடிலின் நுனி சரியாக உட்காராததால், தெளிப்பு முடிந்த பிறகும் டீசல் சொட்டும். அந்தச் சொட்டு தூவலாக உடையாமல் தாமதமாக, அரைகுறையாக எரியும். கரும்புகை வரும். நாசில் முனையில் கரி கட்டும். கரி கட்டியதும் துளைகள் அடைபட்டுத் தூவல் மேலும் கெடும். சொட்டு பிஸ்டன் தலையில் ஒரே இடத்தில் விழுந்து எரிந்துகொண்டே இருந்தால் அந்த இடத்து உலோகம் அரித்து உருகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்குள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிட்டு, கீழே ஆயில் சம்ப்பில் போய்ச் சேரும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் கூடியிருந்தால், ஆயில் இளகி டீசல் வாடை அடித்தால், உடனே கவனிக்க வேண்டும். (இன்ஜெக்‌ஷன் பம்பின் ஷாஃப்ட் சீல் அல்லது ஃபீட் பம்பின் டயஃப்ரம் போனாலும் இப்படி ஆகும். எனவே இங்கேயும் இன்ஜெக்டரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.)

அடுத்தது ஸ்பிரிங் தளர்வது. ஓபனிங் பிரஷர் குறைந்தால் நீடில் சீக்கிரமே எழும். தெளிப்பு முன்கூட்டியே தொடங்கும், தூவலும் பெருந்துளியாக இருக்கும். என்ஜினில் தட்டல் சத்தம் கூடும்.

நீடில் சிக்கிக்கொள்வதும் உண்டு. திறந்த நிலையில் சிக்கினால் பலத்த தட்டல், கரும்புகை. மூடிய நிலையில் சிக்கினால் அந்தச் சிலிண்டரே செத்துப்போகும். மூன்று சிலிண்டர் என்ஜின் இரண்டில் ஓடும். தண்ணீர் கலந்த டீசல், நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்தல், அதிக வெப்பம் ஆகியவை இதற்குக் காரணம். இன்னொன்றும் உண்டு: பொருத்தும்போது கிளாம்ப் போல்ட்டுகளை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் முறுக்கினால், நாசில் உடல் இம்மியளவு கோணி நீடில் இறுகிவிடும். சில மைக்ரான் இடைவெளியில் அந்த இம்மி போதும்.

நீடில் தண்டு தேய்ந்தால் ரிட்டர்ன் கூடும். தெளிப்பு குறைந்து இழுவை போகும், ஸ்டார்ட்டிங் கடினமாகும்.

கடைசியாக, இன்ஜெக்டரே கெடாமல் அதன் இருப்பிடம் கெடுவது. இன்ஜெக்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே ஒரு செப்பு வாஷர் இருக்கும். அது சரியாக அடைக்காவிட்டால் கம்ப்ரஷன் வெளியேறும். "சுஃப் சுஃப்" என்ற சத்தமும், இன்ஜெக்டரின் அடியைச் சுற்றித் தார் போன்ற கருப்புப் படிவும் அடையாளம். அதைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வரும். இதற்கு இன்ஜெக்டரை மாற்றுவது வீண். மாற்ற வேண்டியது வாஷரை.

புகை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

புகையின் நிறம் சிலிண்டருக்குள் எரிதல் எப்படி நடந்தது என்பதைச் சொல்லும். எந்த உறுப்பு கெட்டது என்று அது சொல்லாது. பெரும்பாலான தவறான முடிவுகள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

கரும்புகை என்றால், இருக்கும் காற்றுக்கு டீசல் அதிகம், அல்லது டீசல் காற்றோடு சரியாகக் கலக்கவில்லை. காற்று குறைந்தாலும் அதே புகைதான். ஏர் கிளீனர் அடைத்திருந்தால், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) உள்ள என்ஜினில் அதிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்திருந்தால், தாங்க முடியாத லோடில் உயர்ந்த கியரில் இழுத்தால், பம்பின் டீசல் அளவை யாராவது திருகிக் கூட்டியிருந்தால், எல்லாவற்றுக்கும் கரும்புகை வரும். புழுதியில் ரொட்டவேட்டர் ஓட்டிய டிராக்டர் கரும்புகை விட்டால் என் முதல் சந்தேகம் எப்போதும் ஏர் கிளீனர் மேல்தான்.

வெண்புகை என்றால் டீசல் எரியாமலேயே ஆவியாக வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் நீராவியாக வருகிறது. கண்ணை எரித்து டீசல் வாடை அடித்தால் முன்னது; ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் பின்னது. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்த சிறிது நேரம் வெண்புகை வந்து, என்ஜின் சூடானதும் நின்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சூடான பிறகும் நீடித்து, என்ஜினும் மிஸ்ஸிங் அடித்தால், ஒரு சிலிண்டர் எரியவில்லை. அதற்கு இன்ஜெக்டரும் காரணமாகலாம், கம்ப்ரஷன் குறைவும் காரணமாகலாம், பம்ப் டைமிங், அதாவது பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்கும் நேரம், தள்ளிப்போனதும் காரணமாகலாம்.

நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வ் கைடு, டர்போ சீல் என்று தேட வேண்டும். நீலப்புகைக்காக நேரே இன்ஜெக்டரை மாற்றுவது பணத்தை வீணாக்குவது. சொட்டும் டீசல் சுவரைக் கழுவிக் கழுவி ரிங் தேய்ந்திருக்கலாம் என்பது உண்மை. அப்போதும் நீலப்புகையை நிறுத்தப்போவது ரிங் வேலைதான்.

இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன்

முதலில் காற்று. ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். ஆயில் பாத் வகை (கிண்ணத்தில் உள்ள எண்ணெயில் தூசியைப் பிடிப்பது) என்றால் கிண்ணத்தில் சேறு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து டீசல் வரும் வழி. டேங்க் மூடியில் காற்று புக ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி டீசல் வராது. வண்டி கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு இழுவை குறைந்து நின்று, ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும். இப்படி ஒரு வழக்கம் தெரிந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் காரணம் அதுதான். பிறகு டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர், ஃபில்டர்கள். ஃபில்டர் அடைத்தால் லோடு கொடுக்கும்போது மட்டும் இழுவை போகும். சும்மா நிற்கும்போது எதுவும் தெரியாது.

அப்புறம் ஏர் பிடித்தல், அதாவது டீசல் லைனுக்குள் காற்று புகுதல். டீசல் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். லைனில் காற்றுக்குமிழி இருந்தால் பம்ப் கொடுக்கும் அழுத்தத்தை அது விழுங்கிக்கொள்ளும், நீடில் எழாது. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை விட வேண்டும். ஏர் எடுத்த பிறகும் மறுநாள் மறுபடி ஏர் பிடித்தால், எங்கோ ஒரு இணைப்பு காற்றை இழுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் இன்ஜெக்டருக்குப் போகக் கூடாது.

ஆக்ஸிலேட்டர் கம்பி முழுமையாக நகர்கிறதா என்பதையும் பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அது பாதி நகர்ந்தால் பம்பும் பாதிதான் கொடுக்கும்.

ஒரு வித்தியாசம் நல்ல தடயமாக உதவும். காற்று, ஃபில்டர், டேங்க், டைமிங் இவற்றில் குறை இருந்தால் பொதுவாக எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்து பாதிக்கப்படும். என்ஜின் சீராகவே ஓடும், ஆனால் வலு இருக்காது. ஒரு இன்ஜெக்டர் கெட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் தாளம் தப்பும். என்ஜின் உலுக்கும், சைலன்சர் சத்தம் விட்டுவிட்டு மாறும். எனவே என்ஜின் சீராக ஓடிக்கொண்டே வலு இழந்திருந்தால் வரிசையின் முன்பக்கம் தேடுங்கள். உலுக்கினால் சிலிண்டர்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

கையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

அடுத்த சோதனைக்கு முன் இதைப் படித்தே ஆக வேண்டும். 200 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். ஹை பிரஷர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஒரு அட்டைத் துண்டை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். தோலில் பட்டுத் துளைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் வந்த டீசல் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிறு காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடித்தல்

இது மெக்கானிக்கல் பம்ப் உள்ள என்ஜினுக்கு மட்டும். கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் என்ஜினில் (அதைப் பற்றிப் பின்னால் வருகிறது) இதைச் செய்யவே கூடாது.

என்ஜினை ஐடிலிங்கில், அல்லது அதைவிடச் சற்றே கூட்டி ஓட விடுங்கள். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஒரு இன்ஜெக்டருக்குப் போகும் ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் துணியால் மூடிக்கொண்டு அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அந்தச் சிலிண்டருக்கு அழுத்தம் போகாது. டீசல் நட்டின் ஓரமாகக் கசிந்துவிடும். சூடான பாகங்களில் டீசல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலிண்டர் இதுவரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால், என்ஜின் சத்தம் உடனே தடுமாறும், ஆர்பிஎம் இறங்கும். தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஆர்பிஎம்மை மட்டும் கவனிப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். புகையையும் தட்டலையும் சேர்த்துக் கவனித்தால் இன்னும் நிறையத் தெரியும். ஒரு சிலிண்டரைத் தளர்த்தியதும் கரும்புகை நின்றுவிட்டால் புகையின் பிறப்பிடம் அந்தச் சிலிண்டர். தட்டல் நின்றுவிட்டால் தட்டலும் அங்கேதான்.

நட்டைத் தொட விருப்பமில்லையென்றால் வேறு வழியும் இருக்கிறது. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாசலையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து பாருங்கள். எரியாத சிலிண்டரின் வாசல் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும்.

சரி, சிலிண்டர் தெரிந்துவிட்டது. இன்ஜெக்டர்தான் காரணம் என்று ஆகிவிட்டதா? இன்னும் இல்லை. அந்தச் சிலிண்டரில் வால்வ் கசியலாம், ரிங் தேய்ந்திருக்கலாம், பம்புக்குள் அந்தச் சிலிண்டருக்கு டீசலைத் தள்ளும் பிளங்கர் போயிருக்கலாம். இங்கேதான் மிகச் சிறந்த, மிக மலிவான சோதனை வருகிறது: இடம் மாற்றிப் பார்ப்பது. சந்தேகப்படும் இன்ஜெக்டரையும் நன்றாக இருக்கும் ஒன்றையும் கழற்றி, இடம் மாற்றி, புது செப்பு வாஷர் போட்டுப் பொருத்துங்கள். குறை இன்ஜெக்டரோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்குப் போனால் குற்றம் இன்ஜெக்டரில். குறை பழைய சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டர் நிரபராதி. கம்ப்ரஷனையும் பம்பையும் பாருங்கள். ஒரு மதிய வேலைதான். இதைச் செய்யாமல் மூன்று இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்கும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு.

சுருக்கமாக: தளர்த்திப் பார்த்தால் எந்தச் சிலிண்டர் என்று தெரியும். இடம் மாற்றிப் பார்த்தால் இன்ஜெக்டரா, சிலிண்டரா என்று தெரியும்.

டெஸ்டரில் வைத்துப் பார்ப்பது

இன்ஜெக்டர்தான் என்று ஆனபின் அதை நாசில் டெஸ்டரில் மாட்டுவார்கள். கைநெம்புகோல், பிரஷர் மீட்டர், சிறு எண்ணெய்த் தொட்டி, இவ்வளவுதான் அந்தக் கருவி. அருகில் நின்று நீங்களே பார்க்கலாம். தூவல் பக்கம் மட்டும் கையையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள்.

நெம்புகோலை மெல்ல அழுத்தும்போது மீட்டர் எந்த எண்ணில் சட்டென்று இறங்குகிறதோ அதுதான் ஓபனிங் பிரஷர். கையேட்டில் உள்ள அளவோடும், மற்ற இன்ஜெக்டர்களோடும் ஒத்துப்போக வேண்டும். குறைவாக இருந்தால் ஸ்பிரிங்குக்கு மேல் மெல்லிய தகடு வைத்தோ, ஸ்க்ரூவைத் திருகியோ சரிசெய்வார்கள். அடுத்து தூவல்: எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே மாதிரி நுண்ணிய தூவல் வர வேண்டும், ஒன்றில் தாரை, ஒன்றில் வெறுமை என்று இருக்கக் கூடாது. அதன்பின் சொட்டு. ஓபனிங் பிரஷருக்குச் சற்றுக் கீழே அழுத்தத்தைச் சில விநாடி நிறுத்தி வைக்கும்போது நாசில் முனை காய்ந்தே இருக்க வேண்டும். துளி திரண்டு விழுந்தால் சீட் போய்விட்டது. கடைசியாக, அழுத்தத்தை நிறுத்தி வைத்து அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். முனையில் சொட்டாமலேயே வேகமாக இறங்கினால் நீடில் தேய்ந்து ரிட்டர்ன் பக்கம் கசிகிறது.

இந்த நான்கில் ஓபனிங் பிரஷரை மட்டும் பார்த்துவிட்டு "செட் பண்ணியாச்சு" என்று கொடுப்பது போதாது. பிரஷரைத் திருகிச் சரிசெய்துவிடலாம். சொட்டை அப்படிச் சரிசெய்ய முடியாது. என்னைக் கேட்டால் சொட்டுச் சோதனைதான் நான்கிலும் முக்கியம்.

துளைகளில் இரும்புக் கம்பியை விட்டுக் குத்துவதை அனுமதிக்காதீர்கள். துளை ஓரம் சிதைந்தால் தூவல் கோணிப்போகும். நீடிலும் நாசில் உடலும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. ஒன்றின் நீடிலை இன்னொன்றின் உடலில் போடக் கூடாது. டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவங்கள் லேசான கரிப் படிவை இளக்க உதவலாம். தேய்ந்த சீட்டையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது.

காமன் ரெயில் டிராக்டர் என்றால்

புதிய டிராக்டர்கள் பலவற்றில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு தடித்த குழாயில் டீசல் எப்போதும் உயர் அழுத்தத்தில் தேங்கி நிற்கும். அதுதான் ரெயில். எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று இசியு எனப்படும் கணினி மின்சாரம் மூலம் இன்ஜெக்டருக்குச் சொல்லும். ரெயிலில் அழுத்தம் 1600 பாரைத் தாண்டலாம். ஓடும்போது நட்டைத் தளர்த்துவது உயிருக்கே ஆபத்து.

இங்கே சோதனை ஸ்கேனரில் நடக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு பங்களிக்கிறது, அதைச் சமன்செய்ய இசியு எவ்வளவு டீசலைக் கூட்டிக் குறைக்கிறது என்று அது காட்டும். ரிட்டர்ன் சோதனையும் உண்டு: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனி அளவுக் குப்பியில் பிடித்து ஒப்பிடுவார்கள். ஒன்றில் மட்டும் மிக அதிகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. பல வகைகளில் இன்ஜெக்டர் மேலேயே ஒரு குறியீட்டு எண் பொறிக்கப்பட்டிருக்கும். புதிது போடும்போது அதை இசியுவில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் நல்ல இன்ஜெக்டரும் தட்டலும் புகையும் தரும்.

திரும்பப் பொருத்தும்போது

கழற்றும் முன்பே சுற்றுப்புறத்தைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். திறந்த பைப் முனைகளை உடனே மூடி வைக்க வேண்டும். இன்ஜெக்டர் உட்காரும் குழியின் அடியில் பழைய செப்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் மேலேயே புது வாஷரைப் போட்டுவிட்டால் நாசில் முனை உரிய அளவு உள்ளே நீளாது; தூவல் தவறான இடத்தில் விழும். புது இன்ஜெக்டர் போட்டும் புகை போகவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. கிளாம்ப் போல்ட்டுகளை இரு பக்கமும் மாற்றி மாற்றி, கையேட்டில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு நட்டின் அருகிலும் அட்டையைக் காட்டிக் கசிவு பாருங்கள். பழைய இன்ஜெக்டர் சொட்டிக்கொண்டிருந்தது என்று தெரிந்திருந்தால், வண்டியை லோடுக்கு அனுப்பும் முன் என்ஜின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். டீசல் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காக்காது.